புலிவேட்டையும் அறிவிப்புக் கடமையும்

பொதிய மலைத் தொடரின் கீழ்பால் அடிவாரத்தே, தென்காசிக்கும் அம்பாசமுத்திரத்திற்கும் இடையில் அமைந்தது கடையம். தமிழ் பயில்வார்க்கு இவ்வூர், செல்லம்மாள் பிறந்த ஊராகவும், பாரதியார் 1918 முதல் 1920 வரை வாழ்ந்த ஊராகவுமே நன்கு அறிமுகமாகியுள்ளது. இராமநதியும் கடனாநதியும் பாயும் வளத்தால் வயலும் தோப்பும் மலைச்சரிவு வரை நெருங்கிக் கிடக்கின்றன. வயல் முடியுமிடத்தே காடு தொடங்குகின்றது. அக்காடு களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தைச் சார்ந்தது. முண்டந்துறை 1962-ஆம் ஆண்டிலும் களக்காடு 1976-ஆம் ஆண்டிலும் சரணாலயங்களாக அறிவிக்கப்பட்டு, 1988-ஆம் ஆண்டில் இரண்டும் ஒன்றாகித் தமிழகத்தின் முதற் புலிகள் காப்பகம் ஆயின. வனத்துறையின் ஏட்டில் கடையம் என்பது ஊர்ப்பெயர் மட்டுமன்றி ஒரு வனச்சரகத்தின் பெயருமாகும்.

இவ்வடிவாரச் சிற்றூர்களில் சிறுத்தை ஆட்டையோ நாயையோ கவர்ந்து செல்வதும், வனத்துறையினர் கூண்டு வைத்து அதனைப் பிடித்து அடர்காட்டில் கொண்டுபோய் விடுவதும் அவ்வப்போது நாளிதழ்களில் வரும் செய்திகள். அவற்றைப் படிக்குங்கால் சில வினாக்கள் எழுகின்றன. தோப்பிற்குச் சென்ற ஒருவன்மீது சிறுத்தை பாய, அவன் தன்னுயிர் காக்கும் பொருட்டுக் கையிலிருந்த அரிவாளால் வெட்ட, அது இறந்துபட்டதாயின், அவன் செய்தது குற்றமா? குற்றமன்றாயின் அடுத்து அவன் செய்யவேண்டுவது யாது? யாரிடம், எத்துணைக் காலத்திற்குள் அறிவித்தல் வேண்டும்? பாய்ந்தது அவன்மீதன்றி அவனுடைய ஆட்டின்மீதாயின் விடை மாறுமா?

இவ்வினாக்களுக்கு மக்கள் வழக்கில் இருவகை விடைகள் உள்ளன. புலியைத் தொட்டாலே சிறை என்பர் ஒரு சாரார். என் ஆட்டைக் கொன்ற விலங்கை நான் கொல்லுதல் முறைதானே என்பர் மற்றொரு சாரார். இரண்டும் பிழை. முதற்கருத்தை நம்புவோன் தற்காத்துக்கொண்ட பின்னும் அஞ்சி உடலைப் புதைக்கின்றான். இரண்டாவதை நம்புவோன் சினத்தால் நஞ்சு வைக்கின்றான். புதைத்தவனும் நஞ்சு வைத்தவனும் ஒருங்கே குற்றவாளிகள் ஆகின்றனர். சட்டம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. அதனைத் தாங்கி வாழ்வோர் தமிழில் எண்ணுவோர். 'வேட்டை', 'புலி', 'உடைமை' என்னும் சொற்கள் சட்டத்தில் பெறும் பொருளும் நம் வழக்கில் பெறும் பொருளும் வேறுபடுமிடத்தே இப்பிழைகள் தோன்றுகின்றன ஆதலின், இப்பொருள் தமிழ்த்துறையார் ஆராய்தற்கும் உரியதே.

முதற்கண் விலங்கின் பெயரைக் காண்போம். பொதிய மலைக் காடுகளில் வாழும் பெரும்பூனை இனங்கள் புலி, சிறுத்தை என்னும் இரண்டே. நிகண்டு நூலார் புலிக்கு உழுவை, வேங்கை, வல்லியம், கொடுவரி, குயவரி, பாய்மா முதலிய பல பெயர்களைத் தொகுத்துள்ளனர். கொடுவரி என்பது வளைந்த கோடுகளையுடைய தோலால் வந்த பெயர். பாய்மா என்பது தொழிலால் வந்தது. தொல்காப்பிய மரபியல், நாய், பன்றி, முயல் ஆகியவற்றொடு புலியின் இளமைக்கும் குருளை என்னும் பெயரை உரிமையாக்குகின்றது. இத்துணை நுண்மையாகப் பெயரிட்ட மொழியில், பேச்சு வழக்கு மட்டும் புள்ளியுடையதையும் வரியுடையதையும் 'புலி' என்ற ஒரு சொல்லால் பல இடங்களில் குறித்து விடுகின்றது. வேறுபாடு வேண்டுமிடத்து வரிப்புலி என்றும் சிறுத்தைப்புலி என்றும் அடை சேர்ப்பர்.

சட்டத்தின் முன் இவ்விரண்டும் ஓரளவு நிகரானவையே. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972 என்பதன் முதல் அட்டவணையில், மிகுந்த காப்புடைய விலங்குகளின் வரிசையில், இன்று இரண்டும் இடம் பெற்றுள்ளன. எனினும் புலி இறப்பின் நடைமுறை வேறு. 2006-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அமைந்த தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம், புலியின் ஒவ்வோர் இறப்பையும், மாறாக மெய்ப்பிக்கப்படும் வரை, கள்ள வேட்டையாகவே கொண்டு விசாரித்தல் வேண்டும் என்னும் நெறியை வகுத்துள்ளது. ஆகவே ஊரார் தரும் முதல் அறிவிப்பில் 'புலி' என்று சொல்வதா 'சிறுத்தை' என்று சொல்வதா என்பது வெறுஞ் சொல்லாராய்ச்சி அன்று.

இனி 'வேட்டை' என்னும் சொல். வேட்டம், வேட்டுவன், வேடன் என விரியும் இச்சொற்குடும்பம் நம் இலக்கியத்தில் விலங்கைத் தேடிச் சென்று பற்றுதலையும் கொல்லுதலையும் குறித்து நிற்கும். வேட்டைக்குப் போதல் என்ற தொடரிலேயே ஒரு புறப்பாடும் ஒரு நோக்கமும் அடங்கியுள்ளன. தன் தோட்டத்தில் இருந்தவாறே ஒருவன் வேட்டையாடுதல் கூடும் என்பது தமிழ் வழக்கிற்கு எளிதில் இசையாத செய்தி. சட்டத்தின் இரண்டாம் பிரிவு தரும் பொருளோ மிக விரிந்தது. கொல்லுதல், நஞ்சிடுதல், பிடித்தல், கண்ணி வைத்தல், பொறி வைத்தல், விரட்டுதல், இரை வைத்து ஈர்த்தல், இவற்றுள் எதனையும் செய்ய முயலுதல், விலங்கைக் காயப்படுத்துதல், அதன் உடலின் எப்பகுதியையேனும் எடுத்தல் ஆகிய அனைத்தும் அச்சட்டத்தின்படி வேட்டையே. காட்டுப்பன்றிக்கென வைத்த சுருக்குக் கம்பியில் சிறுத்தை சிக்கினாலும், இறந்து கிடந்த புலியின் நகத்தைப் பிடுங்கினாலும் இச்சொல்லின் எல்லைக்குள் அடங்கிவிடும். 'நான் வேட்டைக்கே போகவில்லையே' என்று ஒருவன் நெஞ்சறிந்து மெய்யே கூறலாம். ஆயினும் அவன் கூற்று வழக்குமன்றத்தில் அவனுக்குத் துணை நில்லாது.

புலியைக் கொன்ற செய்தியை முறைப்படி பதிவு செய்யும் வழக்கம் நம் நாட்டில் புதிதன்று. புலிகுத்திக் கல் எனப்படும் நடுகற்கள் தருமபுரி, கிருட்டினகிரிப் பகுதிகளிலும் கொங்கு நாட்டிலும் பலவாகக் கிடைத்துள்ளன. ஒரு வீரன் புலியை எதிர்த்து ஈட்டியாலோ வாளாலோ குத்தும் காட்சி அவற்றில் செதுக்கப்பட்டிருக்கும். எழுத்துடைய நடுகற்கள் அரசனின் ஆட்சியாண்டு, நாட்டுத் தலைவன், வீரனின் பெயர், அவன் பட்ட நிகழ்ச்சி என்ற வரிசையில் பொதுவாகச் செய்தியைத் தரும். எப்பொழுது, எவர் ஆட்சியில், யார், எதன்பொருட்டு என்னும் நான்கு வினாக்களுக்கும் அவற்றில் விடையுண்டு. இக்காலத்து வனத்துறைப் படிவமும் ஏறத்தாழ இவற்றையே கேட்கின்றது என்பது நோக்கத்தக்கது. ஆயினும் ஒரு வேறுபாடு. நடுகல் புலியின் சாவை அறிவிப்பதன்று. புலியொடு பொருது மாண்ட மனிதனின் சாவை ஊர்க்கும் வழிவருவார்க்கும் அறிவிப்பது. அறிவித்தோர் சுற்றத்தார், அறிவிக்கப்பட்டோர் பின்னோர்.

இக்கற்கள் பற்றி இன்னொன்றும் ஈண்டுக் குறித்தல் வேண்டும். இவற்றுள் பல, கால்நடையைக் காக்கும் பொருட்டுப் புலியை எதிர்த்து மடிந்தோர்க்கு எடுக்கப்பட்டவை எனக் கொள்ளப்படுகின்றன. ஆநிரை காத்தல் அறமும் வீரமுமாகக் கருதப்பட்ட சமுதாயம் அது. உடைமையைக் காத்தற்குப் புலியைக் கொல்லலாம், கொல்லுதல் புகழும் ஆகும் என்ற எண்ணம் இவ்வாறு கல்லிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. ஆட்டைக் கொன்ற விலங்கைக் கொல்லுதல் முறையன்றோ என்று இன்று கேட்பவனின் பின்னே இந்நெடிய மரபு நிற்கின்றது. அவனை அறியாமையுடையோன் என்று ஒதுக்கிவிடல் எளிது. ஆயின் அது நேரிய மதிப்பீடாகாது.

ஆங்கிலேயர் ஆட்சியில் நிலைமை வேறு வடிவங் கொண்டது. சென்னை மாகாணத்தில் முதற்கண் காப்புப் பெற்ற பெருவிலங்கு யானை. 1873-ஆம் ஆண்டின் சட்டம் காட்டுயானையைக் கொல்லுதலைத் தடுத்தது. நீலகிரியில் வேட்டை விலங்கு, மீன் ஆகியவற்றிற்கென 1879-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் பிறந்தது. 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம் ஒதுக்குக் காடுகளில் விதிகளுக்கு மாறாக வேட்டையாடுதல், சுடுதல், பொறி வைத்தல், நீரில் நஞ்சு கலத்தல் ஆகியவற்றைத் தடை செய்தது. 1912-ஆம் ஆண்டின் காட்டுப் பறவை விலங்குப் பாதுகாப்புச் சட்டம் மான், காட்டெருமை, காண்டாமிருகம், முயல் முதலியவற்றை அட்டவணையில் சேர்த்தது. அவ்வட்டவணையில் புலியும் இல்லை, சிறுத்தையும் இல்லை.

இல்லாமைக்குக் காரணம் வெளிப்படை. புலி அக்காலத்து அரசினர் கண்ணுக்குக் காக்கப்படவேண்டிய விலங்கன்று, ஒழிக்கப்படவேண்டிய விலங்கு. தோலையோ தலையையோ அலுவலகத்தில் காட்டுவோர்க்குப் பரிசுத் தொகை வழங்கப்பட்டது. 1875-க்கும் 1925-க்கும் இடைப்பட்ட 50 ஆண்டுகளில் இந்தியாவில் 80,000-க்கு மேற்பட்ட புலிகளும் 1,50,000-க்கு மேற்பட்ட சிறுத்தைகளும் கொல்லப்பட்டன என வரலாற்றறிஞர் மகேஷ் ரங்கராஜன் அரசாங்கப் பதிவுகளினின்று கணக்கிட்டுள்ளார். இக்கணக்கு நமக்குக் கிடைத்ததே பரிசின் பொருட்டு மக்கள் வந்து அறிவித்ததனால்தான். அறிவித்தவனுக்குப் பணம் கிடைத்தது. அறிவியாதவனுக்கு இழப்பு அப்பணமே, தண்டனை ஏதுமில்லை. அக்காலத்து அறிவிப்பு ஒரு கோரிக்கை. கடமை என்னும் தன்மை அதற்கு இல்லை.

1912-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு. பின்வரும் ஒப்பீட்டிற்கு அது இன்றியமையாதது. தன்னையோ பிறரையோ காத்தற்கு விலங்கைக் கொல்லுதலும், நல்லெண்ணத்தோடு தன் உடைமையைக் காத்தற்குக் கொல்லுதலும் அச்சட்டத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டவை என அது கூறியது. உயிர், உடைமை ஆகிய இரண்டும் அங்கே ஒரே வரிசையில் வைக்கப்பட்டன. நடுகல் மரபோடு இவ்விதி முரணவில்லை.

விடுதலைக்குப் பின்னர்ப் புலிகளின் தொகை விரைந்து குறைந்தமை உணரப்பட்டது. 1969-ஆம் ஆண்டில் புது தில்லியில் கூடிய பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பேரவையில் இது பெரிதும் பேசப்பட்டது; 1970-ஆம் ஆண்டில் புலி வேட்டை தடுக்கப்பட்டது. 1972-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எண்ணப்பட்டவை 1,827 புலிகள். அவ்வாண்டு செப்டம்பர்த் திங்களில் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1973 ஏப்ரல் முதல் நாள் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கிற்று.

இச்சட்டம் பிறந்தபொழுது எல்லா வேட்டையையும் தடை செய்யவில்லை என்பதைப் பலர் மறந்துவிட்டனர். முதல் அட்டவணை விலங்குகளை வேட்டையாடல் அறவே கூடாது; ஏனைய அட்டவணைகளில் உள்ளவற்றை உரிமம் பெற்று வேட்டையாடலாம் என்பதே அதன் முதல் வடிவம். உரிமம் பெற்றோர்க்கெனப் பத்தாம் பிரிவு ஒரு அறிவிப்புக் கடமையை விதித்தது. கொன்ற, காயப்படுத்திய, பிடித்த விலங்குகளின் பதிவேட்டை அவர் வைத்திருத்தல் வேண்டும். நிகழ்ச்சி நடந்து 15 நாளுக்குள், அல்லது உரிமத்திற்கண்ட பகுதியை விட்டு நீங்குமுன், இவற்றுள் எது முந்தியதோ அதற்குள், எழுத்து மூலம் அறிவித்தல் வேண்டும். 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் உரிம வேட்டையையே ஒழித்தது. பத்தாம் பிரிவும் அதனோடு நீங்கிற்று. வேட்டைக்காரன் என்னும் சட்டப்படியான மனிதன் இல்லாது போன பின்னும் அறிவிப்புக் கடமை மறையவில்லை. அது பிற பிரிவுகளுக்குக் குடி பெயர்ந்தது.

இன்றைய நிலையில் முதல் அட்டவணை விலங்கைக் கொல்லுதற்கு இரண்டு வாயில்களே உள்ளன. இரண்டும் பதினோராம் பிரிவில் அமைந்தவை.

முதல் வாயில் அரசாணை. விலங்கு மனித உயிர்க்கு ஊறு விளைப்பதாகி விட்டது, அல்லது மீளவியலாதவாறு ஊனமோ நோயோ உற்றுவிட்டது எனத் தலைமை வன உயிரினக் காப்பாளர் தெளிந்தால், காரணங்களைக் குறிப்பிட்டு எழுத்து மூலம் ஆணையிடலாம். மாநிலம் முழுமைக்கும் அவர் ஒருவரே இவ்வாணைக்கு உரியவர். மாவட்ட ஆட்சியர்க்கோ வனச்சரகர்க்கோ காவல்துறையார்க்கோ அவ்வுரிமை இல்லை. பிடித்தற்கும், மயக்க ஊசியிடுதற்கும், வேறிடத்தில் விடுதற்கும் இயலாது என்று தெளிந்தாலன்றிக் கொல்ல ஆணையிடலாகாது என்பது 2002-ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த காப்பு. 'ஆட்கொல்லி' என்னும் சொல் நாளிதழ்களில் மலிந்து கிடப்பினும் பதினோராம் பிரிவு அதனை ஆளவில்லை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. மனிதனைத் தின்றதா என்பதன்று அங்கே கேள்வி. மனித உயிர்க்கு இனியும் ஊறு உண்டா என்பதே.

இவ்விதி நடைமுறையில் எவ்வாறு இயங்கும் என்பதற்கு நீலகிரியில் 2021-ஆம் ஆண்டு நிகழ்ந்தது தக்க சான்று. கூடலூர், மசினகுடிப் பகுதிகளில் மக்களைக் கொன்றதாகக் கருதப்பட்ட டி-23 என்னும் புலியை வேட்டையாட அவ்வாண்டு அக்டோபர்த் தொடக்கத்தில் ஆணை பிறந்தது. வழக்குச் சென்னை உயர்நீதிமன்றத்திற்குச் சென்றது; உடனே கொல்லுதலை நாடாது உயிரோடு பிடிக்க முயலுமாறு நீதிமன்றம் கூறிற்று. பல நாள் தேடலின் பின்னர் அக்டோபர் 15-ஆம் நாள் மயக்க ஊசி செலுத்தி அப்புலியைப் பிடித்து மைசூருக்குக் கொண்டு சென்றனர். காரணம் எழுதவேண்டும் என்னும் விதி வெறுஞ் சடங்காயின் அவ்வாணையை நீதிமன்றம் ஆராய்தற்கே இடமிருந்திராது. கொல்லுவோன் தன் காரணத்தை அறிவித்தல் வேண்டும் என்னும் கடமை இங்கே அரசாங்கத்தின் தோள்மீதே முதலில் ஏற்றப்பட்டுள்ளது.

இரண்டாம் வாயில் தற்காப்பு. நல்லெண்ணத்தோடு தன்னையோ பிறரையோ காத்தற்கு எந்தக் காட்டு விலங்கைக் கொன்றாலும் காயப்படுத்தினாலும் அது குற்றமாகாது. முன்னர்க் கூறிய தோப்புக்காரன் அரிவாளால் வெட்டியது இவ்வாயிலின் வழிப்படும். புலியைத் தொட்டாலே சிறை என்பார் கூற்று இதனால் பொய்யாகின்றது. ஆயினும் வரம்பு ஒன்றுண்டு. தற்காப்பு வேண்டிவந்த நேரத்தில் அவன் இச்சட்டத்திற்கு மாறான செயலில் ஈடுபட்டிருந்தால் இவ்விலக்கு அவனுக்குக் கிட்டாது. மானுக்குக் கண்ணி வைக்கக் காட்டினுள் புகுந்தவன் புலியை எதிர்கொண்டு கொன்றால் தற்காப்பு என்று வாதிடல் இயலாது.

இங்கே 1912-ஆம் ஆண்டுச் சட்டத்தை மீண்டும் எடுத்து ஒப்பிடுக. அங்கே உயிரும் உடைமையும் உடனிருந்தன. 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் தற்காப்பு விதியில் உயிர் மட்டுமே எஞ்சியுள்ளது. விளைபயிர் முதலிய உடைமைக்கு ஊறு என்னும் காரணம் முதல் அட்டவணையைச் சாராத விலங்குகளுக்கு மட்டும், அதுவும் எழுத்து மூலமான ஆணையின் பேரில், ஏற்கப்படுகின்றது. புலிக்கும் சிறுத்தைக்கும் அது பொருந்தாது. ஒரு சொல் விடுபட்டதால் நெடுங்கால மரபு ஒன்று சட்டத்தின் வெளியே நிறுத்தப்பட்டது. கடையத்து அடிவாரத்தில் ஆடு வளர்ப்பவன் தன் பட்டியினுள் புகுந்த சிறுத்தையைக் கண்டால் கூச்சலிடலாம், தீப்பந்தம் காட்டலாம். அது அவன்மீதோ பிறர்மீதோ பாயாதவரை அதனைக் கொல்லலாகாது. ஆட்டிற்கு இழப்பீடு உண்டு. அவ்விழப்பீடும் அறிவிப்பினின்றே தொடங்குகின்றது: வனச்சரக அலுவலகத்திற்குச் செய்தி போதல் வேண்டும், வனத்துறையினர் இடத்தைப் பார்வையிடல் வேண்டும், கால்நடை மருத்துவர் சான்று தரல் வேண்டும். இழந்தது ஒரு கறவை ஆடு, கிடைப்பது சில நாள் அலைச்சலும் பிறகு ஒரு தொகையும் என்னும்பொழுது, மரபு காட்டும் வழி அவனுக்கு எளிதாகத் தோன்றுதல் இயல்பே. சட்டத்தின் நோக்கம் நன்றென்பதில் எனக்கு ஐயமில்லை; அதன் சுமையில் பெரும்பகுதி மலையடிவாரத்து எளிய மக்கள்மீது விழுந்தது என்பதிலும் ஐயமில்லை.

அவ்வெளிய வழியின் முடிவு எதுவாகும் என்பதற்கும் நீலகிரியே சான்று தருகின்றது. 2023 செப்டம்பரில் அவலாஞ்சிப் பகுதியில் இரண்டு புலிகள் இறந்து கிடந்தன. தன் மாட்டைப் புலி கொன்ற சினத்தால் உரியவர் அம்மாட்டின் உடலில் பூச்சிமருந்து இட்டமை விசாரணையில் வெளிப்பட்டு அவர் கைதானார். அவர் காட்டிற்குள் செல்லவில்லை, துப்பாக்கி ஏந்தவில்லை, இறந்த தன் மாட்டின்மீதே மருந்தைத் தெளித்தார். எனினும் நஞ்சிடுதல் வேட்டை. முதல் அட்டவணை விலங்கை வேட்டையாடிய குற்றத்திற்கு 3 ஆண்டிற்குக் குறையாத, 7 ஆண்டு வரை நீளக்கூடிய சிறைத்தண்டனை உண்டு.

இனி அறிவிப்புக் காலத்திற்கு வருவோம். தற்காப்பில் கொல்லப்பட்ட விலங்கு அரசின் உடைமையாகும் எனப் பதினோராம் பிரிவே கூறுகின்றது. முப்பத்தொன்பதாம் பிரிவு இதனை விரித்து, வேட்டையாடப்பட்டது, இறந்து கிடந்தது, தவறுதலாகக் கொல்லப்பட்டது ஆகிய எல்லாவற்றையும் அரசின் உடைமை என்கின்றது. அவ்வுடைமை எவ்வாற்றானும் ஒருவன் கைக்கு வருமாயின், வந்த 48 மணி நேரத்திற்குள் அண்மையிலுள்ள காவல் நிலையத்திலோ அதிகாரம் பெற்ற அலுவலரிடத்திலோ அவன் அறிவித்தல் வேண்டும். கேட்குங்கால் ஒப்படைத்தலும் வேண்டும். முன்னிசைவின்றி அதனை வைத்திருத்தலும், பிறர்க்குக் கொடுத்தலும், அழித்தலும் கூடா. அஞ்சிப் புதைத்தவன் தவறு செய்வது இவ்விடத்தேதான். வெட்டியது குற்றமன்று; புதைத்தது குற்றம். மேலும், புலியின் உடலோ உறுப்போ ஒருவன் வசம் காணப்பட்டால் அது முறைகேடாக வந்ததன்று என்று காட்டும் சுமை அவனையே சாரும் என ஐம்பத்தேழாம் பிரிவு கூறுகின்றது. அறிவித்தவனுக்கு அவ்வறிவிப்பே முதற் சான்று. புதைத்தவனுக்கோ தன் தற்காப்பைக் காட்ட எஞ்சிய ஒரே சான்றும் மண்ணில் மட்கிவிடும்.

இப்பிரிவின் வாசகத்தில் ஒரு நுட்பம் உண்டு. கடமை எழுவது 'கைக்கு வருதல்' என்னும் நிகழ்ச்சியால். தன் வயலின் ஓரத்தே சிறுத்தை செத்துக் கிடப்பதைக் கண்டு, தொடாமல் விலகிப் போனவன் கைக்கு அது வந்ததாகுமா? சொல்லளவில் நோக்கின் வரவில்லை எனலாம். நிலம் அவனுடையது ஆதலின் வந்தது எனவும் வாதிடலாம். சரணாலயத்தின் உள்ளே வாழ்வோர்க்கு இவ்வையம் எழாது. எந்தக் காட்டு விலங்கின் இறப்பையும் அறிவித்தலும், அலுவலர் வந்து பொறுப்பேற்கும் வரை அதன் எச்சங்களைக் காத்தலும் அவர்தம் கடமை என இருபத்தேழாம் பிரிவு நேராகவே விதிக்கின்றது. பாபநாசத்திற்கு மேலுள்ள காணிக்காரர் குடியிருப்புகளுக்கு இவ்விதி பொருந்தும். சரணாலய எல்லைக்கு வெளியே, கடையம் போன்ற ஊர்களில், காண்பவன் கடமை இத்துணைத் தெளிவாக எழுதப்படவில்லை. எல்லைக் கல்லின் இப்பக்கம் அறிவித்தல் அறிவுடைமை, அப்பக்கம் அறிவித்தல் கடமை என்று நிற்கும் இவ்வேறுபாடு விலங்கு அறியாதது. சட்டம் இயற்றுவோர் கருதிப் பார்த்தற்குரியது.

காணிக்காரரைப் பற்றிப் பேசுங்கால், பழங்குடியினர்க்கு வேட்டையுரிமை உண்டு என்னும் பரவலான எண்ணத்தையும் திருத்துதல் வேண்டும். 1972-ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகு உரிமையை நிக்கோபார்த் தீவுகளின் பழங்குடியினர்க்கு மட்டுமே விட்டு வைத்தது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மரபுரிமைகள் பலவற்றை ஏற்பினும், வேட்டையாடுதலும் பொறி வைத்தலுமாகிய உரிமையை வெளிப்படையாக விலக்கியுள்ளது.

பிற நாட்டு முறையொன்றை ஒப்புநோக்கின் நம் 48 மணி நேரத்தின் இயல்பு மேலும் விளங்கும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் மலைச்சிங்கம் எனப்படும் பூமா உரிமத்தோடு வேட்டையாடப்படுகின்றது. அங்கும் கொன்ற 48 மணி நேரத்திற்குள் அறிவித்தல் வேண்டும். ஐந்து நாளுக்குள் தலையையும் தோலையும் அலுவலரிடம் காட்டி முத்திரை பெறல் வேண்டும். பற்கொண்டு அகவை ஆராய்வர். ஒவ்வொரு பகுதிக்கும் ஆண்டிற்கு இத்தனை எனத் தொகை வரையறுக்கப்பட்டிருத்தலின், அத்தொகை நிரம்பிவிட்டதா எனக் கேட்டறிந்த பின்னரே வேட்டைக்காரன் புறப்படுதல் வேண்டும். 2024 நவம்பரில் அவ்வேட்டையைத் தடை செய்யும் முன்மொழிவு மக்கள் வாக்கெடுப்பில் தோற்றது. இரண்டு நாட்டிலும் காலவரை ஒன்றே, பொருளோ வேறு. அங்கே முத்திரையிட்ட தோல் வேட்டைக்காரனுக்கே உரியதாகின்றது. அறிவிப்பு எண்ணிக்கைக்கு உதவுகின்றது. இங்கே தோல் ஒருபொழுதும் அவனுக்கு உரியதாகாது. அறிவிப்பு, அரசின் பொருளை அரசிடம் சேர்ப்பிக்கும் செயல்.

புலியின் உறுப்பு தனியொருவர்க்கு உரியதாகாது என்னும் இக்கொள்கை நம் இலக்கியம் பயின்றார்க்குச் சற்று வியப்பளிக்கும். புலிப்பல் கோத்த தாலி சங்கச் செய்யுட்களில் சிறார் அணியாக வருகின்றது. சிலப்பதிகாரத்து வேட்டுவ வரியில் கொற்றவைக் கோலம் பூண்ட குமரிக்குப் புலிப்பல் தாலியும் புலித்தோல் உடையும் அணிவிக்கப்படுகின்றன. வெள்ளியிலோ பொன்னிலோ பதித்த புலிநகம் அண்மைக் காலம் வரை குழந்தைகளின் கழுத்தில் காணப்பட்டது. பாட்டன் காலத்து அணியாயினும், சட்டம் நடைமுறைக்கு வந்த 30 நாளுக்குள் அதனை அறிவித்திருத்தல் வேண்டும் என நாற்பதாம் பிரிவு விதித்தது. தவறினோர்க்கு 2003-ஆம் ஆண்டு விதிகள் 180 நாள் தவணை தந்தன. அத்தவணையும் கழிந்துவிட்டது. உடைமைச் சான்றிதழ் இல்லாத புலிநகம் இன்று வீட்டுப் பெட்டியில் இருப்பினும் உரியவர்க்கு இடர் தருவதே. அதனை விற்றலும் கூடாது.

கடையத்துத் தோப்புக்காரனிடம் மீண்டும் வருவோம். அவன் செய்யவேண்டுவது அரிதன்று. உடலை நகர்த்தலாகாது, நகம், பல், மீசைமயிர் எதனையும் தொடலாகாது, ஊரார் தொடாதவாறு பார்த்துக்கொள்ளல் வேண்டும், வனச்சரக அலுவலகத்திற்கோ காவல் நிலையத்திற்கோ இயன்ற விரைவில், 48 மணி நேரம் முடிவதற்கு நெடுநேரம் முன்பே, அறிவித்தல் வேண்டும். அறிவிப்பை எழுத்தில் தந்து பெற்றுக்கொண்டமைக்குச் சான்று வாங்கிக்கொள்ளுதல் நன்று. நாள், நேரம், இடம், தாக்கப்பட்டவர் யார், அருகில் இருந்தோர் யாவர் என்பவற்றோடு, விலங்கு வரியுடையதா புள்ளியுடையதா என்பதையும் அவ்வறிவிப்பில் குறித்தல் வேண்டும். 'புலி' என்று மட்டும் எழுதினால், படிக்கும் அலுவலர் அச்சொல்லை நிகண்டு வழக்கிற் கொள்வாரா ஊர் வழக்கிற் கொள்வாரா என்று சொல்லுதற்கில்லை.